கருந்துளையில் காலம் நிற்பதில்லை, தீர்ந்துபோகிறது

"கருந்துளைக்குப் பக்கத்தில் போனால் காலம் நின்றுவிடும்" என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் சொல்கிறார்கள். யூடியூப் தலைப்பு, வாட்ஸப் பார்வர்டு, அறிவியல் கண்காட்சிப் பேச்சு, எங்கே பார்த்தாலும் இதே வரிதான். முழுப் பொய் இல்லை, அதனால்தான் இதைத் திருத்துவது கஷ்டமாக இருக்கிறது. யாருடைய காலம் நிற்கிறது, யார் பார்க்கும்போது நிற்கிறது என்ற இரண்டு கேள்விகளைக் கேட்காமல் விட்டால் அந்த வரிக்கு அர்த்தமே கிடையாது. கேட்டுவிட்டால், நின்றுபோன காலத்தைவிடப் பல மடங்கு விசித்திரமான ஒன்று வெளியே வருகிறது: கருந்துளைக்குள் விழுந்தவருக்குக் காலம் நிற்பதே இல்லை, வழக்கம்போல ஓடி ஓடித் தீர்ந்துபோகிறது. எதிர்காலம் என்பதே ஓர் அளவோடு கொடுக்கப்பட்டு, அந்த அளவோடு முடிந்துவிடுகிறது.

அதற்குப் போகும் முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். காலம் இடத்துக்கு இடம் வேறு வேகத்தில் ஓடுகிறது என்பது தாளில் போட்ட கணக்கு மட்டும் இல்லை, கருவி வைத்து அளந்த விஷயம்.

நியூட்டனுக்குக் காலம் எல்லோருக்கும் பொது. லண்டனிலும் நிலாவிலும் வியாழனிலும் ஒரே விநாடி. 1905-இல் ஐன்ஸ்டைன் அதை முதலில் அசைத்தார்: ஒருவரைப் பொறுத்து ஒருவர் நகர்ந்துகொண்டிருக்கும் இரண்டு பேரின் கடிகாரங்கள் ஒத்துப்போகாது, தூரதூரத்தில் நடந்த இரண்டு சம்பவங்கள் ஒரே நேரத்தில் நடந்தனவா என்பதில்கூட அவர்கள் ஒத்துப்போக மாட்டார்கள். இரண்டு வருஷம் கழித்து, பெர்ன் நகரத்துக் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே, அடுத்த அடியை எடுத்து வைத்தார். கூரையிலிருந்து விழுகிறவன் விழுந்துகொண்டிருக்கும் வரை தன் எடையை உணர மாட்டான் என்ற ஒற்றை எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு போனவர், கீழே இருக்கும் கடிகாரம் மேலே இருக்கும் கடிகாரத்தைவிட மெதுவாக ஓடும் என்ற முடிவில் வந்து நின்றார்.

இதை ஒரு கட்டடத்துக்குள்ளேயே அளந்து காட்டியவர்கள் ராபர்ட் பவுண்டும் கிளென் ரெப்காவும். இடம் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஜெபர்சன் ஆய்வகக் கோபுரம், ஆண்டு 1959-60. மேல் முனைக்கும் கீழ் முனைக்கும் நடுவே 22.5 மீட்டர், அவ்வளவுதான். ஒரு முனையில் காமாக் கதிர் விடும் இரும்பு-57 அணுக்கள், மறுமுனையில் அதே அதிர்வெண் வந்தால் மட்டும் விழுங்கிக்கொள்ளும் அதே இரும்பு. இங்கே அணுவே கடிகாரம். அது விடும் கதிர் விநாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதுதான் அந்தக் கடிகாரத்தின் ஓட்டம். மேலேயும் கீழேயும் காலம் ஒரே வேகத்தில் ஓடினால் வந்த கதிரை இரும்பு விழுங்க வேண்டும், இல்லையென்றால் கொஞ்சம் பிசகும். அந்தப் பிசகு எவ்வளவு தெரியுமா, 1-க்குப் பின்னால் 15 சுழியம் போட்டால் வரும் எண்ணில் இரண்டரைப் பங்கு. கதிர்மூலத்தை மெல்ல நகர்த்தி அந்தப் பிசகை ஈடுகட்டலாம், ஆனால் அதற்குத் தேவையான வேகம் ஒரு மில்லிமீட்டர் நகர இருபது நிமிஷத்துக்கு மேல் ஆகும் வேகம். வழியில் காற்று கதிரைச் சிதறடிக்காமல் இருக்க கோபுரத்தின் உயரத்துக்கு ஹீலியம் நிரப்பிய நீளமான பை ஒன்றைத் தொங்கவிட்டார்கள். மேலே இருக்கும் இரும்புக்கும் கீழே இருக்கும் இரும்புக்கும் ஒரு டிகிரி வெப்பநிலை வித்தியாசம் இருந்தாலே, அளக்க வந்த விளைவுக்குக் கிட்டத்தட்டச் சமமான பிழை வந்துவிடும் என்பதால் அதையும் கண்காணித்துக்கொண்டே இருந்தார்கள். விடை ஐன்ஸ்டைன் சொன்னதோடு பத்து சதவீதத்துக்குள் பொருந்தியது, சில வருஷம் கழித்து பவுண்டு வேறொருவரோடு சேர்ந்து திரும்பச் செய்தபோது ஒரு சதவீதத்துக்குள் வந்தது. இயற்பியலில் எனக்கு மிகவும் பிடித்த சோதனைகளில் இது ஒன்று. பிரபஞ்சத்தைப் பற்றிய ஒரு பெரிய உண்மையை ஒரு கோபுரமும் ஒரு நீளப் பையும் வைத்துப் பிடித்திருக்கிறார்கள்.

அதற்கப்புறம் துல்லியம் எங்கேயோ போய்விட்டது. 2010-இல் அமெரிக்காவின் கொலராடோவில் இரண்டு அலுமினிய அயனிக் கடிகாரங்களில் ஒன்றை வெறும் 33 சென்டிமீட்டர் உயர்த்தி வைத்து, உயர்த்தியது வேகமாக ஓடுகிறது என்று காட்டினார்கள். 2022-இல் ஒரு மில்லிமீட்டர் உயர வித்தியாசம் வரை இறங்கிவிட்டார்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. உயரத்தால் அவற்றின் கடிகாரங்கள் நாளுக்குச் சுமார் 45 மைக்ரோ விநாடி முந்தும், வேகத்தால் 7 மைக்ரோ விநாடி பிந்தும், கழித்தால் 38 முந்தும். அந்த 38 மைக்ரோ விநாடியில் ஒளி 11 கிலோமீட்டர் போய்விடும். அதனால் தரையில் இருக்கும்போதே அந்தக் கடிகாரங்களைக் கொஞ்சம் மெதுவாக ஓடும்படி திருத்தி வைத்துத்தான் மேலே அனுப்புகிறார்கள். உங்கள் தலை உங்கள் காலைவிட வேகமாக வயதாகிறது, அந்த வித்தியாசத்தை அளக்கும் கருவியும் இன்றைக்கு இருக்கிறது.

இதுவரை பலரும் சொல்வதுதான். அடுத்த படிக்குத்தான் பெரும்பாலான விளக்கங்கள் போவதில்லை. "ஈர்ப்பு காலத்தை மெதுவாக்குகிறது" என்று சொல்லும்போது, ஈர்ப்பு என்று தனியாக ஒரு சக்தி இருப்பது போலவும், அதன் பக்கவிளைவாகக் காலம் மெதுவாவது போலவும் தோன்றுகிறது. ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியல் சொல்வது அப்படி இல்லை. இடத்துக்கு இடம் காலம் வேறுபட்டு ஓடுகிறதே, அந்த வேறுபாட்டைத்தான் நாம் ஈர்ப்பு என்று உணர்கிறோம்.

ஒரு பந்தை நேராக மேலே எறிந்து சரியாக இரண்டு விநாடி கழித்து அதே இடத்தில் பிடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்து 4.9 மீட்டர் உயரம் போய்த் திரும்பும். ஏன் 4.9, ஏன் 3 இல்லை, ஏன் 10 இல்லை? தடையில்லாமல் போகும் எந்தப் பொருளும், புறப்பட்ட கணத்துக்கும் வந்து சேர்ந்த கணத்துக்கும் நடுவே தன்னோடு கட்டியிருக்கும் கடிகாரம் அதிகபட்ச நேரம் காட்டும் பாதையில்தான் போகும் என்பது சார்பியலின் விதி. பந்து உயரப் போனால் அதன் கடிகாரம் வேகமாக ஓடும், அது லாபம். ஆனால் இரண்டு விநாடிக்குள் ரொம்ப உயரம் போய்த் திரும்ப வேண்டுமென்றால் ரொம்ப வேகமாகப் போக வேண்டும், வேகமாகப் போனால் கடிகாரம் மெதுவாகும், அது நஷ்டம். லாபமும் நஷ்டமும் சேர்ந்து அதிகபட்ச நேரம் கிடைக்கும் உயரம் 4.9 மீட்டர். பந்தை யாரும் கீழே இழுக்கவில்லை. மரத்திலிருந்து பழம் விழுவதும் நிலா பூமியைச் சுற்றுவதும் இதே கணக்குதான். வெளியும், அதாவது பொருள்கள் இருக்கும் இடமும், வளைகிறது என்பது உண்மைதான், சூரியனுக்குப் பக்கத்தில் ஒளி வளைவதில் பாதிப் பங்கு வெளியின் வளைவால் வருவது, ஆனால் நம்மைப் போல மெதுவாக நகரும் எதற்கும் ஈர்ப்பு என்பது ஏறக்குறைய முழுக்க முழுக்கக் காலத்தின் விஷயம்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கருந்துளையைப் பார்க்கும் விதமே மாறிவிடும். எல்லாவற்றையும் உறிஞ்சும் பூதம் என்ற படம் போய்விடும். சூரியனை அப்படியே தூக்கிவிட்டு அதே நிறையுள்ள கருந்துளையை வைத்தால், பூமி எப்போதும் போலவே அதே பாதையில், அதே 365 நாள் கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். வித்தியாசமெல்லாம் மிக நெருங்கிப் போகும்போதுதான்.

எவ்வளவு நெருங்க வேண்டும் என்று கணக்குப் போட்டவர் கார்ல் ஷ்வார்ஷில்டு. ஐன்ஸ்டைன் தன் ஈர்ப்புச் சமன்பாடுகளை முழு வடிவில் வெளியிட்டது 1915 நவம்பர். ஷ்வார்ஷில்டு அப்போது போட்ஸ்டாம் வானாய்வகத்தின் இயக்குநர், ஆனால் நாற்பது வயதைத் தாண்டியும் தானாக முன்வந்து முதல் உலகப் போரில் சேர்ந்திருந்தார், பீரங்கிப் படைக்குக் கணக்குப் போடும் வேலை. போர்முனையில் இருந்துகொண்டே அந்தச் சமன்பாடுகளுக்கு முதல் துல்லியமான தீர்வைக் கண்டுபிடித்து டிசம்பர் 22 அன்று ஐன்ஸ்டைனுக்குக் கடிதம் எழுதினார். தானே தோராயமான விடையோடு திருப்திப்பட்டிருந்த ஐன்ஸ்டைனுக்கு, ஒரு மாதத்துக்குள் துல்லியமான விடை கையில் வந்தது பெரிய ஆச்சரியம். அதற்கப்புறம் ஷ்வார்ஷில்டு ரொம்ப நாள் இல்லை. கொடிய தோல்நோய் ஒன்று வந்து 1916 மே மாதம், 42 வயதில் இறந்துவிட்டார்.

அவர் தீர்வில் ஒவ்வொரு நிறைக்கும் ஓர் ஆரம் வருகிறது. சூரியனுக்கு 3 கிலோமீட்டர், பூமிக்கு 9 மில்லிமீட்டர். அந்த ஆரத்துக்குள் மொத்த நிறையையும் அடக்கிவிட்டால் அதுதான் நிகழ்வெல்லை, அதற்கு உள்ளே நடப்பது எதுவும் வெளியே தெரியாது. எல்லைக்கு வெளியே ராக்கெட்டை இயக்கி ஒரே இடத்தில் அசையாமல் நிற்கிறீர்கள் என்றால் உங்கள் கடிகாரம் எவ்வளவு மெதுவாகும் என்பதற்கும் அதிலேயே விடை இருக்கிறது. எல்லையின் ஆரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்தில் நின்றால், வெகுதூரத்தில் இருப்பவருக்கு ஒரு மணி நேரம் போகும்போது உங்களுக்கு 42 நிமிஷம். எல்லைக்கு மேல் ஒரு சதவீதம் தள்ளி நின்றால் 6 நிமிஷம். பத்தாயிரத்தில் ஒரு பங்கு தள்ளி நின்றால் 36 விநாடி. எல்லையிலேயே? சுழியம். "காலம் நின்றுவிடும்" என்ற வரி இங்கிருந்துதான் பிறந்தது.

ஆனால் அந்தச் சுழியம் எல்லையில் அசையாமல் நிற்கும் ஒருவருக்கான எண். எல்லையில் யாராலும் அசையாமல் நிற்க முடியாது, அதற்கு முடிவில்லாத விசை வேண்டும். இல்லாத ஒருவரின் கடிகாரத்தைப் பற்றிய விடையை எடுத்து, விழுந்துகொண்டிருப்பவரின் தலையில் வைப்பதுதான் குழப்பத்துக்கெல்லாம் காரணம். பெரிய இயற்பியலாளர்களே இதில் பல வருஷம் சிக்கிக்கொண்டிருந்தார்கள், சோவியத் நாட்டில் இந்தப் பொருள்களுக்கு உறைந்த விண்மீன்கள் என்றே பெயர் வைத்திருந்தார்கள். இத்தனைக்கும் ஓப்பன்ஹைமரும் ஸ்னைடரும் 1939-இலேயே தெளிவாகச் சொல்லியிருந்தார்கள்: நொறுங்கும் விண்மீனோடு சேர்ந்து விழுகிறவருக்குச் சுமார் ஒரு நாளுக்குள் எல்லாம் முடிந்துவிடும், வெளியே நின்று பார்ப்பவருக்கோ அது எல்லையை நெருங்கிக்கொண்டே இருக்கும், போய்ச் சேராது. அந்தக் கட்டுரை வெளிவந்தது செப்டம்பர் 1, இரண்டாம் உலகப் போர் தொடங்கிய அதே நாள். கவனிக்க ஆளில்லாமல் போனது.

விழுகிறவர் தன் கடிகாரப்படி விநாடிக்கு ஒரு முறை விளக்கைச் சிமிட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வெளியே இருப்பவருக்கு முதலில் விநாடிக்கு ஒன்று வரும், அப்புறம் இடைவெளி நீளும், ஐந்து விநாடி, ஒரு நிமிஷம், ஒரு நாள். ஒளியும் சிவப்பாகி, அப்புறம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பாகி, ரேடியோ அலையாகிவிடும். எல்லையைத் தாண்டுவதற்கு முன்னால் அனுப்பிய கடைசிச் சிமிட்டல் என்று ஒன்று உண்டு, அதற்கடுத்தது வரவே வராது. விழுகிறவர் பக்கத்தில் எதுவும் மாறவில்லை, அவர் அடுத்த விநாடியும் சிமிட்டினார், அதற்கடுத்த விநாடியும் சிமிட்டினார், அந்த ஒளிக்கு வெளியே வர வழி இல்லை, அவ்வளவுதான். விழுந்தவரின் உருவம் எல்லையில் காலாகாலத்துக்கும் ஒட்டிக்கொண்டு தெரியும் என்பதும் சரியில்லை. பத்துச் சூரியன் நிறையுள்ள கருந்துளை என்றால் ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்குக்குள் அந்த உருவம் மங்கி முழு இருட்டாகிவிடும்.

இன்னொரு தப்பான நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது: விழுகிறவர் திரும்பிப் பார்த்தால் பிரபஞ்சத்தின் எதிர்காலம் முழுவதும் வேகமாக ஓட்டிய வீடியோ மாதிரி தெரியும் என்பது. எல்லைக்கு மேலே ராக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு வெளியுலகம் வேகமாக ஓடுவது தெரியும், சரி. ஆனால் தடையில்லாமல் விழுகிறவர் ஒளிக்கு முன்னால் ஓடிக்கொண்டிருப்பவர், பின்னால் புறப்பட்ட ஒளியில் பெரும்பகுதி அவரை எட்டுவதே இல்லை. அவர் வெளியுலகத்தின் வரலாற்றில் கொஞ்சத்தைத்தான் பார்ப்பார், அதோடு சரி.

எல்லையைத் தாண்டும் கணத்தில் எந்த மணியும் அடிக்காது, சுவர் எதுவும் இல்லை, பெரிய கருந்துளையாக இருந்தால் உடம்புக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த எல்லைக்கு உள்ளே காலமும் வெளியும் தங்கள் வேலையை மாற்றிக்கொள்கின்றன. வெளியே இருக்கும் வரை மையத்தை நோக்கிப் போவது ஒரு திசை, வேண்டுமானால் போகலாம், வேண்டாமென்றால் திரும்பலாம். உள்ளே போனபின் மையம் என்பது திசை இல்லை, பிந்திய நேரம். நாளைக் காலையை யாரும் சுற்றிக்கொண்டு போக முடியாதது போல, மையத்தையும் சுற்றிக்கொண்டு போக முடியாது. நடுவில் ஒரு புள்ளி இருக்கிறது, அதை நோக்கி நம்மை ஏதோ இழுக்கிறது என்று படம் வரைகிறோமே, அந்தப் படம் இங்கே உதவாது. ஒருமைப்புள்ளி என்று சொல்லப்படுவது ஓர் இடம் இல்லை, வரப்போகும் ஒரு கணம். இடமாக இருந்தால் தப்பிக்க ராக்கெட் போதும்.

அந்தக் கணத்துக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதற்கு உச்சவரம்பு உண்டு, அதையும் கணக்கிடலாம். சுழலாத கருந்துளைக்கு, ஒவ்வொரு சூரிய நிறைக்கும் சுமார் 15 மைக்ரோ விநாடி. சூரியன் அளவு கருந்துளையில் விழுந்தால் உங்களுக்கு உள்ளே கிடைப்பது அந்த 15 மைக்ரோ விநாடிதான். நம் பால்வீதியின் நடுவில் இருக்கும் கருந்துளைக்குச் சுமார் 43 லட்சம் சூரிய நிறை, அதில் ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே. 2019 ஏப்ரல் 10 அன்று உலகமே பார்த்த முதல் கருந்துளைப் படம், 5.5 கோடி ஒளியாண்டு தூரத்தில் உள்ள எம்87 விண்மீன் திரளின் நடுவில் இருப்பது, அதன் நிறை சுமார் 650 கோடி சூரியன். அதற்குள் போனால் அதிகபட்சம் ஒரு நாளைக்குச் சற்று மேல், சுமார் 28 மணி நேரம். என்ன எந்திரத்தை இயக்கினாலும், எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த வரம்பைத் தாண்டி ஒரு விநாடிகூடச் சம்பாதிக்க முடியாது. தலைப்பில் தீர்ந்துபோகிறது என்று சொன்னது இதைத்தான்.

இதெல்லாம் தாளில் மட்டும் இருக்கும் அதிசயமா, உண்மையில் இப்படிப்பட்ட பொருள்கள் உண்டாகுமா என்ற கேள்வி முப்பது நாற்பது வருஷம் நீடித்தது. அதில் ஒரு பெரிய அத்தியாயம் சுப்பிரமணியன் சந்திரசேகருடையது. லாகூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர், 1930-இல் 19 வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே, எரிந்து முடிந்த விண்மீனின் நிறை ஓர் அளவைத் தாண்டினால் அது வெண்குள்ளனாக, அதாவது சுருங்கி மெல்லக் குளிரும் அடர்ந்த விண்மீன் எச்சமாக, நிலைக்க முடியாது என்று கண்டார். சூரியனைப் போல 1.4 மடங்கு என்பதுதான் அந்த அளவு. 1935 ஜனவரியில் லண்டன் ராயல் வானியல் சங்கத்தில் அவர் பேசி முடித்ததும் அன்றைய பெரிய வானியலாளர் எடிங்டன் எழுந்து, விண்மீன் இப்படி அபத்தமாக நடந்துகொள்வதைத் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருக்க வேண்டும் என்று தள்ளிவிட்டார். அப்படி ஒரு விதி இல்லை. எடிங்டன் அந்த வாதத்தின் முடிவு எங்கே போய் நிற்கும் என்று சரியாகவே புரிந்துகொண்டார் என்பதுதான் இதில் வருத்தம்: ஒளியைக்கூட வெளியே விடாத அளவுக்கு விண்மீன் சுருங்கிவிடும் என்று அவரே சொன்னார், அது நடக்கவே நடக்காது என்பதற்கு ஆதாரமாக. சந்திரசேகருக்கு நோபல் கிடைத்தது 1983-இல்.

அடுத்த பெரிய அடியும் இந்தியாவில் தொடங்கியதுதான். கொல்கத்தாவில் அமல் குமார் ராய்சௌதுரி 1955-இல் வெளியிட்ட ஒரு சமன்பாடு, பக்கம் பக்கமாகப் போகும் பாதைகளை ஈர்ப்பு எப்படி ஒன்றை நோக்கி ஒன்று குவிக்கிறது என்பதைச் சொல்கிறது. 1965-இல் ரோஜர் பென்ரோஸ் அந்தக் குவிதலை வைத்து, ஒளி வெளியேற முடியாத பரப்பு ஒன்று உருவாகிவிட்டால், விண்மீன் சீரான உருண்டையாக இல்லாவிட்டாலும், சில பாதைகள் பாதியில் முடிந்தே தீரும் என்று நிரூபித்தார். மூன்று பக்கக் கட்டுரை, 2020-இல் நோபல். பாதை முடிவது என்றால் என்ன? அந்தப் பாதைக்கு அதற்கப்புறம் நேரம் கிடையாது. பென்ரோஸ் நிரூபித்ததில் அடர்த்தி முடிவிலியாகும் என்றோ எல்லாம் ஒரு புள்ளியாக நசுங்கும் என்றோ ஒரு வரிகூட இல்லை. தேற்றம் பேசுவது பாதைகளின் முடிவைப் பற்றி மட்டும்தான்.

வெளியிலிருந்து பார்க்கக்கூடிய சான்றுகள் இப்போது நிறைய. பால்வீதியின் நடுக் கருந்துளையை 16 வருஷத்துக்கு ஒரு முறை சுற்றிவரும் எஸ்2 என்ற விண்மீன் 2018 மே மாதம் மிக அருகில் போனபோது விநாடிக்கு 7,700 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்தது. சிலியில் உள்ள தொலைநோக்கிகள் அதன் ஒளி, நியூட்டன் கணக்கு சொல்வதைவிடக் கூடுதலாகச் சிவந்திருப்பதைப் பிடித்தன. பவுண்டும் ரெப்காவும் 22.5 மீட்டரில் பிடித்த அதே விளைவு, 27,000 ஒளியாண்டுக்கு அப்பால். 2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் லைகோ கருவிகள் முதல் ஈர்ப்பலையை, அதாவது வெளியிலும் காலத்திலும் பரவும் அதிர்வை, கேட்டன: 36 சூரியன், 29 சூரியன் நிறையுள்ள இரண்டு கருந்துளைகள் 130 கோடி ஒளியாண்டு தூரத்தில் மோதி 62 சூரியன் நிறையாயின, மீதி மூன்று சூரியன் நிறை அலையாகப் போய்விட்டது. மோதலுக்குப் பின் கருந்துளை அதிர்ந்து அடங்கும் ஒலி எப்படி இருக்கும் என்பதை 1970-இலேயே கணக்கிட்டுக் காட்டியவர் பெங்களூரைச் சேர்ந்த சி. வி. விஸ்வேஸ்வரா.

அந்த முதல் அலையில் இன்னொரு செய்தியும் இருந்தது. கருந்துளைகள் சேரும்போது நிகழ்வெல்லையின் மொத்தப் பரப்பு ஒருபோதும் குறையாது என்று ஹாக்கிங் 1971-இல் நிரூபித்திருந்தார். 2021-இல் பழைய தரவைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோது, மோதலுக்கு முன் இரண்டின் பரப்பும் சேர்ந்து 2,35,000 சதுர கிலோமீட்டர், மோதியபின் 3,67,000. 2025-இல் வந்த இன்னும் தெளிவான ஓர் ஈர்ப்பலை இதை மேலும் உறுதிசெய்தது.

ஒருபோதும் குறையாத ஒன்று என்றதும் இயற்பியல் படித்த யாருக்கும் என்ட்ரோப்பி, அதாவது ஒழுங்கின்மையின் அளவு, நினைவுக்கு வரும். காலத்தைப் பற்றிய இரண்டாவது பெரிய புதிர் இங்கேதான் கருந்துளையோடு வந்து சேர்கிறது. இயற்பியலின் அடிப்படைச் சமன்பாடுகளில் கிட்டத்தட்ட எல்லாமே நேற்றுக்கும் நாளைக்கும் வித்தியாசம் பார்ப்பதில்லை. ஷ்வார்ஷில்டு தீர்வையே பின்னோக்கி ஓட்டினால், எதுவும் உள்ளே போக முடியாத, எல்லாம் வெளியே மட்டும் வரும் வெண்துளை ஒன்று கணக்கில் சரியாகவே வருகிறது. உலகத்தில் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. உடைந்த பானை ஒட்டிக்கொள்வதைப் பார்க்காததற்கு என்ன காரணமோ அதே காரணம்தான்: ஒழுங்கற்ற நிலைகளின் எண்ணிக்கை ஒழுங்கான நிலைகளைவிட அளவில்லாமல் அதிகம், அதனால் என்ட்ரோப்பி கூடும் பக்கத்தையே எதிர்காலம் என்று அறிகிறோம். 1972-இல் பிரின்ஸ்டனில் மாணவராக இருந்த ஜேக்கப் பெக்கன்ஸ்டைன் துணிந்து சொன்னார், எல்லையின் பரப்புதான் கருந்துளையின் என்ட்ரோப்பி என்று. ஹாக்கிங் முதலில் இதை ஏற்கவில்லை. என்ட்ரோப்பி இருந்தால் வெப்பநிலை இருக்க வேண்டும், வெப்பநிலை இருந்தால் கருந்துளை கதிர்வீச வேண்டும், கருந்துளையிலிருந்து எதுவும் வராதே என்பது அவர் வாதம். 1974-இல் அணு அளவிலான உலகத்தை ஆளும் குவாண்டம் விதிகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டபோது அவருக்கே கதிர்வீச்சு வந்தது.

எண்களைப் பார்த்தால் இதன் அளவு புரியும். சூரியனின் என்ட்ரோப்பி, உரிய அலகில், 1-க்குப் பின்னால் சுமார் 58 சுழியம். அதே நிறையுள்ள கருந்துளைக்கு 77 சுழியம். பிரபஞ்சம் தொடங்கியபோது பொருளெல்லாம் சீராகப் பரவியிருந்தது, ஒரு அறைக்குள் பரவிய வாயு என்றால் அதுதான் உச்ச என்ட்ரோப்பி. ஈர்ப்பைக் கணக்கில் சேர்த்தால் நிலைமை தலைகீழ்: சீராகப் பரவியிருப்பதுதான் மிகக் குறைந்த நிலை, குவிந்து கட்டியாகி விண்மீனாகிக் கடைசியில் கருந்துளையாவதுதான் உச்சம். பென்ரோஸ் பல வருஷமாக இதைத்தான் வலியுறுத்தி வருகிறார். நாம் நேற்றை நினைவில் வைத்திருப்பதும் நாளையை நினைவில் வைத்திருக்க முடியாததும், தொடக்கத்தில் பிரபஞ்சம் அத்தனை சீராக இருந்ததால்தான். ஏன் அப்படி இருந்தது என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட விடை இன்றுவரை இல்லை, கருந்துளையின் மையத்தில் என்ன நடக்கிறது என்ற கேள்வியைவிட இதையே நான் பெரிய கேள்வியாக நினைக்கிறேன்.

கருந்துளைக்கும் ஆயுள் உண்டு. சூரியன் நிறையுள்ளதற்கு வெப்பநிலை ஒரு கெல்வினில் கோடியில் ஒரு பங்கைவிடக் குறைவு. விண்வெளியின் பின்னணி வெப்பமோ 2.7 கெல்வின், அதனால் இப்போதைக்கு அது கொடுப்பதைவிட வாங்குவதுதான் அதிகம். பிரபஞ்சம் குளிர்ந்தபின் கரையத் தொடங்கினால் முடிய 1-க்குப் பின்னால் 67 சுழியம் போட்ட அளவு வருஷம் ஆகும், பிரபஞ்சத்தின் இன்றைய வயது 1,380 கோடி வருஷம்தான். கரைந்து முடிந்தபின் உள்ளே விழுந்தவற்றின் தகவல் எங்கே போனது என்ற சண்டை ஐம்பது வருஷமாக நடக்கிறது. தகவல் அழியாது என்ற பக்கம்தான் இப்போது கை ஓங்கியிருக்கிறது, எந்த வழியாக வெளியே வருகிறது என்பதுதான் தெளிவாகவில்லை.

ஒருமைப்புள்ளியில் காலம் முடிகிறது என்று பொதுச் சார்பியல் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை, அங்கே அந்தக் கோட்பாடே தன் எல்லையைத் தாண்டிவிடுகிறது என்பதுதான் பெரும்பாலானவர்கள் கருத்து, என் கருத்தும் அதுதான். அதற்குக் கீழே குவாண்டம் ஈர்ப்பு, அதாவது ஈர்ப்பையும் குவாண்டம் விதிகளையும் இணைக்கும் கோட்பாடு, வேண்டும். 1967-இல் பிரைஸ் டிவிட் வெளியிட்ட, வீலரின் பெயரும் சேர்த்துச் சொல்லப்படும் சமன்பாடு அந்தத் திசையில் ஆரம்பகால முயற்சி. முழுப் பிரபஞ்சத்துக்குமான அந்தச் சமன்பாட்டில் காலம் என்ற மாறியே இல்லை. அதைக் குறை என்று பார்ப்பவர்களும் உண்டு, காலம் அடிப்படையானது இல்லை, வேறு ஏதோ ஒன்றிலிருந்து திரண்டு வருவது என்பதற்கான தடயமாகப் பார்ப்பவர்களும் உண்டு. இரண்டு பக்கத்தையும் பிரித்துக் காட்டும் சோதனை இப்போதைக்கு யார் கையிலும் இல்லை.

எல்லைக்கு வெளியே, ஆனால் மிக மிக அருகில், காலம் எப்படி ஓடுகிறது என்பதை நேரடியாக வரைபடம் எடுக்கும் கருவி ஒன்று வரப்போகிறது. லிசா என்று பெயர், ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2024 ஜனவரியில் ஒப்புதல் கொடுத்தது, 2035 வாக்கில் ஏவத் திட்டம். ஒன்றுக்கொன்று 25 லட்சம் கிலோமீட்டர் தள்ளி மூன்று விண்கலங்கள், நடுவே லேசர். சில பத்துச் சூரியன் நிறையுள்ள சின்னக் கருந்துளை ஒன்று பல லட்சம் சூரியன் நிறையுள்ள பெரியதைச் சுற்றிச் சுற்றி உள்ளே இறங்கும்போது, விழுந்து மறையும் வரை பல்லாயிரம் சுற்றுகள் போடும், ஒவ்வொரு சுற்றின் நேரமும் ஈர்ப்பலையில் பதிவாகும். அந்தச் சுற்றுகளில் ஏதாவது ஒன்று சார்பியலின் கணக்குக்கு ஒத்துவராமல் போனால், எந்த இடத்தில் பிசகுகிறது என்பதை இந்த முறை தூரத்தோடு குறித்துச் சொல்ல முடியும்.